மாத்திரையும் அம்மாவின் சமையலும்

என் இரண்டு கண்களின் இமைகளிலும், மூக்கை ஒட்டிய ஓரத்தில், அரிசி அளவுக்கு மஞ்சள் திட்டுகள் இருந்தன. அப்பாவுக்கு இருந்தன. அண்ணனுக்கு இருந்தன. தம்பிக்கும் லேசாக வரத் தொடங்கியிருந்தன. தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்துப் பெண்கள் அதை ராசி என்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் முகத்தில் மஞ்சள் சரியாகக் கழுவாமல் ஒட்டியிருக்கிறது என்று சொல்வதும், நான் முந்தானையால் துடைத்துக் காட்டிச் சிரிப்பதும் வழக்கம். அது ஒரு நோயின் அடையாளம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்போது நான் சுங்கை பட்டாணிக்கு வடக்கே, மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து மறு ஆண்டு. பல இடங்களில் அவசரகாலக் கெடுபிடி தளர்ந்துவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் இன்னும் கம்யூனிஸ்ட் போராளிகள் இருப்பதாகச் சொல்லி, எங்களுக்கு மட்டும் எதுவும் தளரவில்லை. லயங்களைச் சுற்றி இரட்டை முள்வேலி. ஒரே ஒரு கேட். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூட எடுத்துப் போக முடியாது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம். அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. பொதுச் சமையற்கூடத்தில் மொத்தமாக வடித்த சோற்றை வாளியில் வாங்கி வருவோம். குழம்பு மட்டும்தான் வீட்டில். அம்மா அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. சோறு கையை விட்டுப் போன பிறகு, குழம்பில்தான் அவர் தன் முழுத் திறமையையும் காட்டினார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், என்னைவிட மூன்று வயது இளைய தம்பி. தம்பி தோட்டத்தில் லாரி ஓட்டினான். அப்பா ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய ஆண்டு, நாற்பத்தொரு வயதில், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதே சரிந்து விழுந்து இறந்தார். அண்ணன் முப்பத்துமூன்று வயதில், பால்மரத்தின் அடியில், கத்தி கையில் இருக்கும்போதே போனார். அவர் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு பேருக்கும் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாதத்துக்கு இரண்டு முறை சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு டாக்டர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், சத்தமில்லாமல் பேசுவார். ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மை குத்த வந்திருந்தார். நான் ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள் ஆனதும் அவர் பிள்ளையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு என் குதிகாலைக் காட்டச் சொன்னார். எல்லோர் முன்னாலும் புடவையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். குதிகாலுக்கு மேலே போகும் நரம்பு தடித்து முண்டு முண்டாக இருந்ததை அன்றுதான் நானே கவனித்தேன்.

"டீச்சர், உமக்குத் தகப்பன் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். எத்தனை வயதில் காலமானவர் என்று கேட்டார். சொன்னேன். கூடப் பிறந்தவர்கள் யாராவது என்று இழுத்தார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, மிச்சப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் சொல்லி, என்னை உள்ளே அழைத்துப்போய் இரத்தம் எடுத்தார்.

தம்பியையும் வரச் சொன்னார். அவனைக் கூட்டிப்போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரத்தம் எடுக்கும்போது, "ஊசி எதுக்கு டாக்டர், ஒரு வெட்டு வெட்டி மங்குல புடிச்சுக்குங்க" என்றான். மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்தான் மங்கு. டாக்டர் சிரித்தார். இரத்தத்தைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். பதில் வர மூன்று வாரம் ஆனது.

அப்போது சனிக்கிழமைகளில் சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். கொலஸ்ட்ரால் என்ற சொல்லை முதன்முதலாக அங்கேதான் கேட்டேன். எனக்கும் தம்பிக்கும் இரத்தத்தில் அந்தக் கொழுப்பு, இருக்க வேண்டியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. இதயத்துக்குப் போகும் குழாய்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி அடைத்துக்கொள்ளும் என்றார். பால்மரத்தில் பால் வடிய அடித்திருக்கும் தகரக் காம்பில் நேற்றைய பால் உறைந்து, இன்றைய பாலுக்கு வழி விடாமல் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஒன்று சாப்பாடு. மற்றது மாத்திரை, புதிதாக வந்திருப்பது. அது ஒரு வைட்டமின்தான், ஆனால் நிறையச் சாப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்யச் சொன்னார். "முகம் சூடாகும், உடம்பு கடிக்கும். பயப்படாதேயும், கொஞ்ச நேரத்தில நின்றிடும்" என்றார். ஒரு பெரிய பழுப்புப் பாட்டில் நிறைய மாத்திரைகள். நூற்றுக்கணக்கில் இருந்தன. கூடவே, சாப்பிடக் கூடாதவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் கடையில் சாப்பிட்டுவிட்டு, அவர் சொன்னபடி ஐந்து மாத்திரைகளை விழுங்கினேன். பஸ்ஸில் ஏறிப் பாதி வழி போவதற்குள் காது மடல் சுட ஆரம்பித்தது. பிறகு கழுத்து, பிறகு முகம், நெஞ்சு. ஆயிரம் எறும்பு ஒரே நேரத்தில் கடிப்பது போல இருந்தது. கேட்டில் இறங்கும்போது என் முகம் கருஞ்சிவப்பாக உப்பியிருந்ததாம். நான் இரண்டு கையாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

பெண்களைச் சோதிக்கக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பு இருந்தது. அங்கே வேலை செய்த பெண் எங்கள் தோட்டத்துக்காரர்தான். அவர் மகள் என் இரண்டாம் வகுப்பில் படித்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மேல் பேருக்குக் கை வைத்துவிட்டு, மகள் ஒழுங்காக எழுத்துக் கூட்டுகிறாளா என்று கேட்பார். அன்று என் முகத்தைப் பார்த்ததும் மகளைப் பற்றிக் கேட்கவில்லை. கை என் பைக்குள் போனது. பாட்டில் வெளியே வந்தது.

"என்னா டீச்சர் இது, இத்தன மாத்திர?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் பாக்காத மாதிரி விட்டுருவேன். ஆனா வெளிய சார்ஜன் உங்க மூஞ்சிய பாத்துட்டாரு."

அரிசி, சர்க்கரை, எண்ணெய் போல மருந்தும் தடை செய்யப்பட்ட சரக்கு. காட்டுக்கு மருந்து கொடுத்தார் என்று பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரைப் பிடித்துப் போய், விசாரணை எதுவும் இல்லாமல் அடைத்துவைத்து, கடைசியில் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி அந்த நாட்டைப் பார்த்ததுகூட இல்லை. அதெல்லாம் எனக்கு ஒரே கணத்தில் ஞாபகம் வந்தது. மறைத்துவிட்டு, பிறகு அகப்பட்டால் இந்தப் பெண்ணுக்கும் அதே கதிதான் என்பதும் தோன்றியது. காட்டிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சார்ஜன் மலாய்க்காரப் போலீஸ்காரர், நடு வயது. பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அதன் கடைசிச் சொல் ஆசிட். தோட்டத்தில் ஆசிட் என்றால் பாலை உறைய வைக்க ஊற்றுவது. அதை எதற்கு மனிதர் சாப்பிட வேண்டும் என்று கேட்டார். டிரெஸரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் நேர்மையான மனிதர். இந்த மருந்தின் பெயரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை, எதற்கென்று சொல்லத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னார். டாக்டர் கொடுத்தது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பொய் சொல்கிறவளுக்கு வரும் பதற்றம் என்றுதான் சார்ஜன் நினைத்தார். எனக்கே அப்படித்தான் தோன்றியது. உடம்பு தானாகக் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல இருந்தது.

காவல் கொட்டகையின் பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். அப்போதுதான் ஆட்கள் சந்தையிலிருந்து திரும்பும் நேரம். என் மாணவர்களின் தாய் தகப்பன்மார்கள் ஒவ்வொருவராகக் கேட்டைக் கடந்து போனார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. பேசினால் அவர்களுக்கும் வம்பு. அவர்கள் பேசாததைவிட, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டதுதான் வலித்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி லாரியோடு வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் சொன்னதை நான் இரண்டு வார்த்தையில் சொன்னதும் நேராகச் சார்ஜனிடம் போய், இது மருந்துதான், சாப்பிட்டால் முகம் இப்படி ஆகும், டாக்டர் சொன்னார் என்று மலாயில் சொன்னான். சார்ஜன் தலையாட்டினார், நம்பவில்லை. தம்பி என்னிடம் திரும்பி, எத்தனை போட்டே என்று கேட்டான். ஐந்து என்றேன். அவன் மேசை மேலிருந்த பாட்டிலைத் திறந்து ஐந்தை எண்ணி எடுத்து, யாரும் தடுப்பதற்குள் வாயில் போட்டு, அங்கேயிருந்த கூஜாத் தண்ணீரைக் குடித்தான். பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, சார்ஜனின் கைக்கடிகாரத்தைக் காட்டி, "அரை மணி நேரம், துவான். பொறுத்துப் பாருங்க லா" என்றான்.

சார்ஜனுக்குக் கோபம் வந்ததா, வேடிக்கையாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் எரிச்சல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் ஆகும்போது தம்பியின் காது நிறம் மாறியது. அவன் மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை, அதனால் வேகமாக ஏறியது. சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டினான். அங்கேயும் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. பொறுக்க முடியாமல் கொட்டகைக் கம்பத்தில் முதுகைத் தேய்த்தான். சார்ஜன் சிரித்துவிட்டார். காவல்காரர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். டாக்டரின் கடிதம் வரும் வரை பாட்டில் தன்னிடமே இருக்கும் என்று சொல்லி, என் பெயரை எழுதிக்கொண்டு போகவிட்டார். திங்கட்கிழமை தம்பி கடிதம் வாங்கி வந்து பாட்டிலை மீட்டான்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவன் இன்னும் சிவந்துதான் இருந்தான். "நல்லா இருக்குக்கா. சாராயம் குடிச்ச மாதிரி கிர்ருன்னு இருக்கு, வாடையே இல்ல" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாத்திரையை இனி என் வாயில் வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அப்ப எனக்குக் குடு என்றான். அந்த நாளில்தான் எங்கள் வழி பிரிந்தது. அவன் மாத்திரையை எடுத்துக்கொண்டான், நான் தாளை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளைத் தமிழில் எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முட்டை மஞ்சள் கரு, ஆட்டுக்கறி, ஈரல், இறால், நெய், தேங்காய்ப்பால், தேங்காய் எண்ணெய். அம்மா தேங்காய் துருவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றுவிட்டது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். இவையெல்லாம் இரத்தத்தில் போய் என்ன செய்யும் என்று கேட்டார். நான் ஆசிரியை. தெளிவாக விளக்கினேன், குழாய் அடைத்துக்கொள்வது வரைக்கும்.

அம்மா துருவிய தேங்காயைத் தள்ளிவைத்தார். பிறகு, "அப்ப, நான் ஆக்கிப் போட்டதுதான் அவுங்க ரெண்டு பேரையும் கொன்னுச்சா?" என்று கேட்டார்.

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்து எத்தனையோ ஆண்டுகள் வருத்தப்பட்டிருக்கிறேன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான், "தெரியாமச் செஞ்சதுதானேம்மா" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஆமாம் என்ற பதில் இருக்கிறது. அம்மாவுக்குப் படிப்பு இல்லை, ஆனாலும் அது காதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் தேங்காய் உடைக்கவில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தா கோலா மூடா வரை போய், ஆற்று முகத்தில் வந்து இறங்கும் மீனை வாங்கி வருவான். அம்மா அதைப் புளித்தண்ணீரில் வேக வைத்து இறக்கிவிடுவார். மற்ற நாட்களில் கீரை, ரசம், பருப்புத் தண்ணீர். எண்ணெயைத் தேக்கரண்டியில் அளந்து ஊற்றுவார், ஊற்றும்போது விஷத்தைத் தொடுகிறவர் போலக் கையைத் தள்ளி வைத்துக்கொள்வார். முன்பெல்லாம் நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பார், உப்பு சரியா, உறைப்பு சரியா என்று. அதை விட்டுவிட்டார். தட்டை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவார். அவரும் ஒரு வேளைதான் சாப்பிட்டார். பசியில்லை என்பார். நான் அதை வயது என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு அப்போது ஐம்பத்தொன்று.

நான் மெலிந்தேன். புடவை ஒரு சுற்று கூடுதலாக வந்தது. என் கட்டுப்பாட்டில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பியோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு, லாரி போகும் இடங்களில் எல்லாம் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தான். மாத்திரையை வைத்துக்கொண்டு நாக்குக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறாய் என்று சண்டை போட்டேன். "நீ சாவுக்குப் பயந்து இப்பவே செத்த மாதிரி திங்கிற" என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருத்துவதில் மும்முரமாக இருந்தோம். அம்மாவை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் இறந்த நாள் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அன்று அவருக்குப் பிடித்ததை ஆக்கிப் படைப்பார் அம்மா. தேங்காய்ப்பால் விட்ட ஆட்டுக்கறி, இரண்டு பொரித்த முட்டை. அந்த ஆண்டு இலையில் சோறு, ரசம், கீரை, ஒரு வாழைப்பழம் இருந்தன. தம்பி பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, அண்ணன் இதத் தொடுமா?" என்று கேட்டான்.

"அவனக் கொன்னதையே அவனுக்கு மறுபடியும் வெக்கச் சொல்றியா?" என்றார் அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. சாம்பிராணித் தட்டை இலைக்கு முன்னால் வைத்தார். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அண்ணன் இறந்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை, வேலியோரம் நின்று அழுததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தத் தாளை நான் படித்துக் காட்டிய நாளிலிருந்து அம்மா ஒவ்வொரு வேளையும் என்ன நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான்கு மாதம் முடிந்து டாக்டர் மறுபடி எங்கள் இரண்டு பேர் இரத்தத்தையும் பினாங்குக்கு அனுப்பினார். பதில் வந்த சனிக்கிழமை கிளினிக்குக்குப் போனேன். எனக்குக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. இஷ்டத்துக்குச் சாப்பிட்டுத் திரிந்த தம்பிக்கு என்னைவிட நன்றாகவே குறைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு மாதம் நாக்கைக் கட்டியதை எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அம்மாவைப் பற்றியும், நான் சொன்ன பதிலைப் பற்றியும், அந்தப் படையலைப் பற்றியும் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை.

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். உங்கள் அம்மா வேறு சாப்பாடு ஏதும் சாப்பிட்டவரா? இல்லை என்றேன். எல்லோரும் ஒரே சட்டியில்தான் சாப்பிட்டோம். கறி எங்களுக்கு, சட்டியில் ஒட்டிய கொழுப்பும் மசாலாவும் அம்மாவுக்கு. அதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்.

"அப்ப அவவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

அம்மா வர மறுத்தார். தன் இரத்தத்தை எடுத்து, தான்தான் செய்தது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. தம்பிதான் லாரியில் ஏற்றிக் கூட்டிப்போனான். ஊசி குத்தும்போது அம்மா கண்ணை மூடவில்லை. இந்தத் தடவையும் பதில் வர மூன்று வாரம் ஆனது.

பதில் வந்ததும் அம்மாவையும் அழைத்து வரச் சொன்னார் டாக்டர். நாற்காலியின் நுனியில் அம்மா உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, நேரே அவரிடமே சொன்னார்.

"அம்மா, உங்கட இரத்தம் சுத்தம். என்ர இரத்தத்தைவிட நல்லாயிருக்கு. நீங்கள் சமைச்சது அவையளைக் கொல்லேல்லை. சாப்பாடுதான் காரணமெண்டால் முதல்ல உங்களுக்கெல்லோ வந்திருக்க வேணும். இது தகப்பன்ர வழியில இரத்தத்தோடயே வந்தது. நீங்கள் கஞ்சி மட்டும் குடுத்து வளத்திருந்தாலும் வந்திருக்கும்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டிய வழிச்சுத் தின்னவ நானுங்க, டாக்டர்" என்றார், அவர் எங்கேயோ தவறாகப் படித்துவிட்டார் என்பது போல.

"அதைத்தான் சொல்லுறன்" என்றார் டாக்டர்.

பிறகுதான் அவர் எனக்கான விஷயத்துக்கு வந்தார். வயிறு வழியாக வருவது ஒரு பங்கு, உடம்பே உண்டாக்கிக்கொள்வது இன்னொரு பங்கு. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இரண்டாவது பங்குதான் பெரிது, அதைக் கீரையால் மட்டும் பிடித்து நிறுத்த முடியாது. அதற்காகத் தம்பி செய்வதும் சரியில்லை. மாத்திரை இறக்குவதை ஆட்டுக்கறி ஏற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த கெட்ட செய்தியும் அம்மாவுக்கு வந்த நல்ல செய்தியும் ஒன்றேதான் என்பது அந்த அறையில் எனக்குப் புரிந்தது. என் பத்தியம் முழுவதும் பலித்திருந்தால் அம்மாவின் பழி உறுதியாகியிருக்கும்.

பஸ் நிலையத்தில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆட்கள் பார்த்தார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம் மனுசன். அவருக்கும் தெரியாது" என்றார். அப்பாவைச் சொன்னார். அவரைப் பற்றி அத்தனை மென்மையாக அம்மா பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு பசிக்கிறது என்றார். பக்கத்துக் கடையில் இரண்டு ரொட்டியும் குழம்பும் வாங்கிக் கொடுத்தேன். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தேங்காய்ப்பாலைச் சீக்கிரம் ஊற்றிவிட்டான், அதான் திரிந்திருக்கிறது என்று குறை சொன்னார். நான்கைந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சமையல் பேச்சு அது.

நான் மாத்திரைக்குத் திரும்பினேன். சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரடங்கு தொடங்கி எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில், கேட்டையும் சார்ஜனையும் தாண்ட வேண்டாத நேரத்தில் விழுங்குவேன். எரிச்சல் வரும், போகும். சில வாரத்தில் குறைந்துவிட்டது. தாளையும் விடவில்லை. அம்மா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். விஷப் பட்டியலாக இருந்தது, அவருக்கு ஒரு சவாலாக ஆகிவிட்டது. தேங்காய்ப்பால் இல்லாமல் மீன் குழம்பை எப்படிக் கெட்டியாக்குவது என்று மெனக்கெட்டு, கடைசியில் வறுத்த மல்லியும் கொஞ்சம் பருப்பும் அரைத்து விட்டார். எதிரே உட்கார்ந்து, உப்பு சரியா என்று கேட்டார். தம்பிக்கு வாரம் ஒரு முறை ஆட்டுக்கறி, அதற்கு மேல் கிடையாது என்று சட்டம் போட்டார். வீட்டில் அந்தச் சட்டத்தை மதித்தான். லாரியில் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு ஆண்டில் அவசரகாலம் முடிந்ததாக அறிவித்தார்கள். வேலியைக் கழற்றி முள்கம்பியைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனதும் அம்மா முதல் நாளே தானாகச் சோறு வடித்தார். தம்பிக்குக் கல்யாணம் ஆனது. ஒரு மகள் பிறந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களிடம் நோயைச் சொன்னேன், அவர்கள் திரும்பி வரவில்லை. அதை இப்போது குறையாகச் சொல்லவில்லை.

தம்பி ஐம்பத்தொரு வயதில் இறந்தான். லாரியை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்தவன் இறங்கவில்லை. அப்பாவைவிடப் பத்து ஆண்டு கூடுதல், அண்ணனைவிடப் பதினெட்டு. அந்த ஆண்டுகளைத் தந்தது மாத்திரையா, அம்மாவின் சட்டமா, வெறும் அதிர்ஷ்டமா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவன் என் சொல்லைக் கேட்டிருந்தால் இன்னும் இருந்திருப்பான் என்று சில நாள் தோன்றும். அவனைப் போல நானும் கொஞ்சம் சாப்பிட்டுச் சிரித்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். உணவா மருந்தா என்று இப்போதும் யாராவது கேட்டால், முதலில் உங்கள் வீட்டில் யார் யார் எத்தனை வயதில் போனார்கள் என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தம்பி போனபோது அம்மா உயிரோடு இருந்தார். எழுபதைத் தாண்டியிருந்தார். பெற்ற ஆண்பிள்ளைகள் இருவரையும் தூக்கிக் கொடுத்தவர் அழுத அழுகையை எழுத முடியாது. ஆனாலும் தன் கையை அவர் பழிக்கவில்லை. பதினாறாம் நாள் படையலை மருமகளிடம் விடாமல் தானே ஆக்கினார்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இப்போது தினம் ஒரே ஒரு சிறிய மாத்திரை. எரிச்சல் கிடையாது, முகம் சிவப்பதில்லை. தம்பி மகள் அலோர் ஸ்டாரில் அரசாங்க ஆபீசில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோதே இரத்தம் பார்த்துவிட்டோம். அவளுக்கும் இருக்கிறது. மாத்திரையும் சாப்பிடுகிறாள், சாப்பாட்டிலும் கவனமாக இருக்கிறாள். என்னைப் போலக் கஞ்சத்தனமாக இல்லை, அவள் அப்பாவைப் போலத் தாராளமாகவும் இல்லை.

போன மாதம் ஃபோன் செய்தாள். "அத்த, நேத்தோட எனக்கு அம்பத்திரண்டு. அப்பா வயச தாண்டிட்டேன்" என்றாள்.

"ஆமா" என்றேன். பிறகு அவள், அலோர் ஸ்டாரில் மூன்று நாளாக மழை, துணி எதுவும் காயவில்லை என்றாள். இங்கேயும் அப்படித்தான் என்று சொன்னேன்.